கசிவைப் பிடிக்கும் கருவியா, காப்பீட்டுப் பாலிசியா: முதல் பணம் எதற்கு?

எரிவாயு கையாளும் ஆலைகளில் பட்ஜெட் போடும் காலம் வந்தால் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை வரும்: கசிவு பார்க்கும் கேமரா வேண்டும், இல்லையென்றால் சென்சார் கம்பங்களாவது நட வேண்டும். நிதிப் பிரிவிலிருந்து இன்னொன்று வரும்: சுற்றுச்சூழல் பொறுப்புக் காப்பீட்டின் தொகையை உயர்த்த வேண்டும். இரண்டுக்கும் கேட்டபடி கொடுக்கப் பணம் இருக்காது. ஒன்றைக் குறைத்து மற்றதைக் கொடுப்பார்கள். பல இடங்களில் இந்த இரண்டு முடிவுகளையும் எடுப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் கோப்பை மற்றவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. எவ்வளவு சீக்கிரம் கசிவைக் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பல பாலிசிகள் பணம் கொடுக்கும், அல்லது கொடுக்காது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி காப்பீட்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். எரிவாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 முதல் 30 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். காற்றில் அது தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். அதனால் இன்று அடைக்கும் கசிவின் பலன் நாம் இருக்கும்போதே தெரியும். பருவநிலை விஷயத்தில் இப்படிப்பட்ட வாய்ப்பு அதிகம் கிடையாது. ஒரு வால்வில் மணிக்கு 5 கிலோ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க யாரும் கவனிக்காவிட்டால் 43.8 டன். 20 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 3,500 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இவ்வளவும் ஒரே வால்விலிருந்து.

ஆனால் எல்லாக் கசிவும் ஒரே மாதிரி இல்லை. பல அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய 5 சதவீதக் கசிவுகளே மொத்த வெளியேற்றத்தில் பாதிக்கும் மேல் தருகின்றன என்று காட்டியது. அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் துறை முழுவதையும் அளந்து 2018-இல் வந்த ஆய்வு, உற்பத்தியாகும் எரிவாயுவில் 2.3 சதவீதம் காற்றில் போகிறது என்றது. அரசுக் கணக்கைவிட இது 60 சதவீதம் அதிகம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காகிதக் கணக்கு, ஆலை ஒழுங்காக ஓடுவதாக வைத்துப் போடப்படுகிறது. அணைந்துபோன ஃபிளேர் (வேண்டாத வாயுவை எரித்துவிடும் கம்பம்), திறந்து கிடக்கும் டாங்க் மூடி, மூடாமல் சிக்கிக்கொண்ட வால்வு, வாயுவை அழுத்தும் கம்ப்ரசரின் தண்டைச் சுற்றித் தேய்ந்துபோன அடைப்பு ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆகவே முடிவெடுப்பவருக்கு மூன்று அளவுகள் மனத்தில் இருக்க வேண்டும். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச், வால்வுத் தண்டைச் சுற்றிய கிளாண்ட் போன்ற இடங்களில் கிராம் கணக்கிலும் ஒன்றிரண்டு கிலோவிலும் போகும் சிறு கசிவுகள். மணிக்குப் பத்து கிலோ முதல் சில நூறு கிலோ வரை போகும் நடுத்தரக் கசிவுகள். கிணறு வெடிப்பு, குழாய் உடைப்பு போல டன் கணக்கில் போகும் பெருங்கசிவுகள். சிறியதைப் பராமரிப்பு ஊழியர் பார்த்துக்கொள்கிறார். பெரியதற்குக் காப்பீடு இருக்கிறது. நடுவில் உள்ளதை இரண்டுமே தவறவிடுகின்றன. எனக்குக் கவலை தருவது அந்த நடுப்பகுதிதான். பணத்தை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பதே என் கட்சி.

கண்டுபிடிக்கும் வழிகள்

பழைய முறை, கையில் ஒரு மோப்பக் கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாக, ஒவ்வொரு ஃபிளாஞ்சாகப் போவது. கருவி பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று செறிவைச் சொல்லும். 500-ஐத் தாண்டினால் கசிவு, அல்லது 10,000-ஐத் தாண்டினால் கசிவு என்று விதிக்கு விதி வரம்பு மாறும். நுணுக்கமான முறை. ஆனால் செறிவு வேறு, அளவு வேறு. கருவியின் மூக்கை ஒட்டி வைத்தால் சின்னக் கசிவும் பெரிய எண் காட்டும். ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சுற்றிவர நாட்கள் ஆகும். உயரத்தில் இருப்பவை விட்டுப்போகும். சட்டம் கேட்டால் செய்யுங்கள். இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது அகச்சிவப்புக் கேமரா. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பல நிர்வாகங்கள் கேமரா வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. மீத்தேன் உறிஞ்சும் 3.3 மைக்ரான் அலைநீளத்தைச் சுற்றிய குறுகிய பட்டையை மட்டும் இந்தக் கேமரா பார்க்கிறது. உள்ளே இருக்கும் டிடெக்டரை மிகக் கடுமையான குளிருக்குக் கொண்டுபோன பிறகுதான் படம் வரும். அதனால் ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு கம்ப்ரசர் கூடத்துக்குள் போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. ஒரு வால்வுத் தண்டின் அருகே, கோடைச் சாலையில் கானல் அசைவதுபோல் ஏதோ நெளிகிறது. இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, வெதுவெதுப்பான குழாய்க்குப் பதில் குளிர்ந்த வானம் பின்னணியாக வரும்படி நின்றால் அதுவே தெளிவான புகையாகத் தெரியும். வாயுவும் பின்னணியும் ஒரே வெப்பத்தில் இருந்தால் எவ்வளவு பெரிய கசிவும் மறைந்துவிடும். நீராவி வந்தால் குழப்பும். காற்று பலமாக வீசினால் கலைந்துவிடும்.

இதனால் கேமராவைவிட அதைப் பிடித்திருக்கும் ஆள் முக்கியம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஃபோர்ட் காலின்ஸில் ஒரு சோதனைக் களம் இருக்கிறது. உண்மையான ஆலை உபகரணங்களில் தெரிந்த அளவு வாயுவை விட்டு, யார் எவ்வளவு கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அங்கே நடந்த சோதனையில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் மற்றவர்களைப்போல் 1.7 மடங்கு கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். கேமராவின் விலையை ஒப்பிட்டு மாய்ந்துபோகும் நிர்வாகங்கள், அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஊழியருக்கு எத்தனை நாள் பயிற்சி என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

கேமராவின் உண்மையான குறை வேறு. அது நாம் போகும் நாளில் மட்டும் பார்க்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்று வருகிறோம். இடையில் ஒரு ஃபிளேர் அணைந்து மணிக்கு 100 கிலோ மீத்தேன் எரியாமல் போகிறது. அடுத்த சுற்றுக்குச் சராசரியாக 45 நாள் இருக்கும். அதற்குள் 108 டன் போயிருக்கும். ஒரே நாளில் தெரிந்திருந்தால் 2.4 டன். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே நிரந்தர சென்சார்களின் அருமை புரியும்.

நிரந்தர சென்சார் என்றால் ஆலையின் எல்லையில் கம்பம் நட்டு, அதில் வாயு உணரியும் காற்றுமானியும் பொருத்துவது. அல்லது ஃபிளேரையும் டாங்க்கையும் பார்த்தபடி ஒரு கேமராவை நிலையாக வைப்பது. கம்ப உணரிக்குக் காற்று அதன் பக்கம் அடித்தால்தான் தெரியும். காற்று எதிர்ப்பக்கம் போனால் கருவி மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைக் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தவறான அலாரங்களும் வரும். பராமரிப்புக்காக நாமே வாயுவைத் திறந்துவிட்டாலும் அடிக்கும், பக்கத்து நிறுவனத்தின் கசிவுக்கும் அடிக்கும். மணிக்கு இத்தனை கிலோ என்று அது சொல்லும் எண்ணை அப்படியே அறிக்கையில் போட நான் துணியமாட்டேன். சோதனைக் களங்களில் அந்த எண்கள் நிறையவே பிசகியிருக்கின்றன. ஆனால் வேறு எந்த முறையாலும் தர முடியாத ஒன்றை இது தருகிறது: கசிவு எப்போது தொடங்கியது என்ற நேரம். காப்பீட்டுக்கு வரும்போது இந்த நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரியும்.

விமானத்திலும் ட்ரோனிலும் லேசர் கருவி பொருத்திப் பறப்பது, பரந்து கிடக்கும் கிணறுகளுக்கும் நீண்ட குழாய்களுக்கும் பொருந்தும். மணிக்குச் சில கிலோ என்ற அளவு வரை பிடிக்க முடியும். ஒரு நாளில் பல தளங்களைப் பார்த்துவிடலாம். ஒரே இடத்தில் அடங்கிய சிறு ஆலைக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

செயற்கைக்கோள்களைப் பற்றி எதிர்பார்ப்பு அதிகம். ஐரோப்பிய சென்டினல்-5பி கோளில் 2017-இல் ஏறிய ட்ரோபோமி கருவி தினமும் உலகம் முழுவதையும் பார்க்கிறது. ஆனால் அதன் ஒரு புள்ளி பல கிலோமீட்டர் அகலம், மணிக்குப் பல டன் போனால்தான் தெரியும். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கிணறு வெடித்து 20 நாளில் சுமார் 60,000 டன் மீத்தேன் போனதை அது அளந்து காட்டியது. கனடாவின் ஜிஎச்ஜிசாட் கோள்கள் மணிக்கு 100 கிலோ அளவு வரை இறங்கி, எந்த ஆலை என்று சுட்டிக்காட்டும். 2024 ஆகஸ்டில் ஏறிய டானேஜர்-1 இதே வகை. மேகம் இருந்தால் பார்க்க முடியாது. கடல்மேலும் பனிமேலும் சிரமம். 2024 மார்ச்சில் பெரும் நம்பிக்கையோடு ஏவப்பட்ட மீத்தேன்சாட் 2025 ஜூனில் தொடர்பை இழந்தது. விண்ணை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கோள் உங்களுக்காக மட்டும் பார்க்கவில்லை. 2023 ஜூனில் கஜகஸ்தானின் கரத்துருன் வயலில் ஒரு கிணறு வெடித்து, ஆறு மாதத்துக்கும் மேல் எரிந்துகொண்டே 1.2 லட்சம் டன்னுக்கும் அதிகமான மீத்தேனை வெளியேற்றியது. அளவை உலகுக்குச் சொன்னவர்கள் வெளிநாட்டு விஞ்ஞானிகள், செயற்கைக்கோள் படங்களை வைத்து. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் அறிவித்த எச்சரிக்கை அமைப்பு, பெரிய கசிவு தெரிந்தால் அந்த நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் தகவல் அனுப்புகிறது. 2024 அறிக்கையின்படி 1,200 எச்சரிக்கைகளில் 1 சதவீதத்துக்குத்தான் பதில் வந்தது. எனக்குக் கோபம் வரும் எண் இது. தெரிந்தும் அசையாமல் இருந்திருக்கிறார்கள். நிர்வாகம் என்ற கோணத்தில் பார்த்தாலும் ஆபத்தான நிலை: ஆலைக்குத் தெரியாத ஒன்று வெளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பின்னால் வழக்கு வந்தால் அந்தத் தேதி எழுந்து நிற்கும்.

பாலிசி எதற்குப் பணம் தருகிறது

இங்கேதான் குழப்பம் அதிகம். நம்மிடம் பொதுப் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டுவது) இருக்கிறது, கசிவும் ஒரு விபத்துதானே என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்கச் சந்தையில் 1980-களின் நடுவிலிருந்தே இந்தப் பாலிசிகளில் மாசு தொடர்பான எதுவும் கிடையாது என்ற முழு விலக்கு எழுதப்பட்டு வருகிறது. மற்ற பல சந்தைகளில் திடீர் விபத்தால் வந்த மாசுக்கு மட்டும் இடம் உண்டு. மீத்தேன் போலப் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு மாசா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2012-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம், ஒரு மின் நிறுவனம் தெரிந்தே வெளியிட்ட வாயுக்களால் வந்த பாதிப்பு விபத்தாகாது, அந்த வழக்கைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்று நடத்த வேண்டியதில்லை என்றது. 2024 அக்டோபரில் ஹவாய் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் வந்தது: அலட்சியமாக நடந்திருந்தாலும் அது விபத்தாக இருக்கலாம், ஆனால் பசுங்குடில் வாயுக்கள் மாசுப்பொருளே, ஆகவே மாசு விலக்கு பொருந்தும் என்றது. இரண்டு தீர்ப்பும் பருவநிலை பாதிப்புக்காகத் தொடரப்பட்ட வழக்குகளைப் பற்றியவை. ஒரு குழாய்க் கசிவைப் பற்றியவை அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். பொதுப் பொறுப்புப் பாலிசியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்த நிலை, அதே பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டித் திடீர் மாசுக்கு மட்டும் பாதுகாப்பைத் திரும்ப வாங்குவது. இதில் ஒரு கடிகாரம் இருக்கிறது. கசிவு இன்ன தேதியில் தொடங்கியது என்று காட்ட வேண்டும். தொடங்கிய 72 மணி நேரத்துக்குள், அல்லது 7 நாளுக்குள், நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த இத்தனை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். பாலிசிக்குப் பாலிசி எண்கள் மாறும்; அமைப்பு இதுதான்.

இப்போது முன்னால் போட்ட ஃபிளேர் கணக்குக்குத் திரும்புவோம். மூன்று மாதச் சுற்றில் கண்டுபிடித்த கசிவு எப்போது தொடங்கியது? யாருக்கும் தெரியாது. கடைசிச் சுற்றுக்கு மறுநாளே இருக்கலாம். 7 நாள் கடிகாரத்தை எதிர்கொள்ள நம்மிடம் எந்தச் சான்றும் இல்லை. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருப்போம், கிளெய்ம் நிற்காது. நிரந்தர சென்சார் பதிவு இருந்தால், அதே கசிவுக்கு அதே பாலிசி பேசும். கருவியும் காப்பீடும் தனித்தனிச் செலவு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, தனிச் சுற்றுச்சூழல் பொறுப்புப் பாலிசி. மெல்ல மெல்ல நேர்ந்த மாசையும் ஏற்கும். அண்டை வீட்டாரின் உடல்நலம், சொத்து, அரசு உத்தரவின்படி செய்யும் துப்புரவு, வழக்குச் செலவு ஆகியவை வரும். இதிலும் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. பாலிசி ஓடும் காலத்தில் கிளெய்ம் வந்தால்தான் செல்லும். முன்பே தெரிந்திருந்த குறைபாடுகள் சேராது. பழுதுபார்க்கத் தள்ளிப்போட்ட கசிவுகளின் பட்டியல் ஆலையில் இருந்தால் அது தெரிந்த குறைபாடுதான். விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால் பாலிசியே ஆட்டம் காணும். இந்தப் பயத்தில் சிலர் அளக்காமல் இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வருகிறார்கள். இது தவறு மட்டுமல்ல, இன்றைய நிலையில் நடக்காத காரியம். நாம் அளக்காவிட்டால் மேலிருந்து யாராவது அளப்பார்கள். அளந்து, அடைத்து, தேதியோடு எழுதி வைப்பவருக்கே பேச வலு இருக்கும்.

எண்ணெய், எரிவாயுக் கிணறு உள்ளவர்களுக்குக் கிணற்றைக் கட்டுக்குள் கொண்டுவரும் செலவுக்கான பாலிசி தனியாக உண்டு. வெடித்த கிணற்றை அடைக்கும் நிபுணர் குழு, மறுபடி தோண்டும் செலவு, பரவிய மாசு ஆகியவை அதில் வரும். கிணறு வைத்திருப்பவர் இது இல்லாமல் இருக்கவே கூடாது.

கசிவின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால், சேதத்தைச் சர்வே செய்யாமல் நேரடியாகப் பணம் தரும் வகைப் பாலிசியைப் பற்றியும் இப்போது பேசுகிறார்கள். புயலுக்கும் வறட்சிக்கும் அது நல்ல ஏற்பாடு. காற்றின் வேகத்தை விவசாயி மாற்ற முடியாது. ஆலைக் கசிவு அப்படியல்ல. வால்வை இறுக்குவதும் விடுவதும் பாலிசி வாங்கியவர் கையில் இருக்கிறது. அதனால் காப்பீட்டு நிறுவனங்கள் வரம்பை மிக உயரத்தில் வைக்கும், நடுத்தரக் கசிவு அதில் சிக்காது. அளவீட்டுப் பிசகும் சேர்ந்தால், கசிவு நடந்தும் பணம் வராத நிலை வரும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை எல்லாவற்றிலும் விடுபட்டிருப்பது எது என்று கவனியுங்கள். வாயுவால் காற்று மண்டலத்துக்கு நேர்ந்த கேடு. யாரும் விலை போடாத பொருளுக்குக் காப்பீடு எழுத முடியாது. அமெரிக்கா 2022 சட்டத்தில் அதிகப்படி மீத்தேனுக்கு டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 வரை கட்டணம் போட்டது. 2025-இல் அதன் விதிகளை நீக்கி, கட்டணத்தையே 2034-க்குத் தள்ளிவிட்டது. இப்படி அரசியலோடு ஆடும் விலையை வைத்து நீண்டகாலப் பாலிசி எழுத எந்த நிறுவனமும் தயங்கும்.

அலிசோ கேன்யன் சொல்லும் கணக்கு

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரை ஒட்டிய அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுச் சேமிப்பில் 2015 அக்டோபர் 23 அன்று ஒரு கிணற்றில் கசிவு தெரிந்தது. 2016 பிப்ரவரியில்தான் அடைத்தார்கள். விமானத்தில் பறந்து அளந்த விஞ்ஞானிகள் மொத்தம் சுமார் 97,100 டன் மீத்தேன் போனதாகக் கணக்கிட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. தலைவலி, குமட்டல், மூக்கில் ரத்தம் என்று மக்கள் சொன்னார்கள்.

கிணறு 1950-களில் தோண்டியது. உள்ளே இருந்த பாதுகாப்பு வால்வை 1979-இல் எடுத்துவிட்டு வேறு போடவில்லை. 2019-இல் வந்த தொழில்நுட்ப விசாரணை அறிக்கை, வெளிக் குழாய் நிலத்தடி நீராலும் நுண்ணுயிர்களாலும் வெளிப்பக்கமிருந்து அரித்துப்போனதைக் காட்டியது. அதைவிட முக்கியமாக, அந்த வயலில் 1970-களிலிருந்து 60-க்கும் மேற்பட்ட குழாய்க் கசிவுகள் நடந்திருந்தும் ஒன்றுக்குக்கூட ஏன் நடந்தது என்று விசாரணை செய்யவில்லை என்றது.

இனிப் பணத்துக்கு வருவோம். மாநில அரசோடு செய்துகொண்ட உடன்பாடு 11.95 கோடி டாலர். அதில் போன வாயுவுக்கு ஈடாக 1,09,000 டன் மீத்தேனை வேறு இடங்களில் தடுக்கும் பொறுப்பும் அடக்கம். குடியிருப்பவர்களோடு 2021-இல் வந்த சமரசம் 180 கோடி டாலர் வரை. வாயுவுக்குக் கொடுத்ததைப்போல் பதினைந்து மடங்கு மனிதர்களுக்கு. அது சரியான விகிதமா என்று வாதிடலாம், ஆனால் காப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்க இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. பாலிசியின் அளவை டன் கணக்கில் போடாதீர்கள். கசிவு போகும் திசையில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் போடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு குழாய்களுக்கும் இதே அளவுகோல்தான். 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சடார்ஷியா அருகே, கனமழைக்குப் பின் மண் சரிந்து ஒரு குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தரையோடு பரவி, 200 பேர் வெளியேற, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கார்பனைப் பிடித்து மண்ணுக்குள் சேமிக்கும் திட்டங்கள் பெருகும்போது இந்த ஆபத்தும் கூடவே பெருகும். ஒன்று மட்டும் இங்கே தெளிவு: ஐரோப்பிய விதிப்படி சேமிப்பிலிருந்து கசிந்தால் அந்த அளவுக்கு, சந்தையில் விலை உள்ள உமிழ்வு உரிமங்களை ஒப்படைக்க வேண்டும். கசிவுக்கு விலை இருக்கிறது, அளவீடும் கட்டாயம். அதனால்தான் சேமிப்புக் கசிவுக்கென்றே காப்பீடு 2024 முதல் சந்தைக்கு வந்திருக்கிறது. மீத்தேனுக்கு வராதது இதற்கு வந்த காரணம் அதுவே.

மற்ற வாயுக்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின் இணைப்பைப் போடவும் துண்டிக்கவும் உதவும் ஸ்விட்ச்கியர் பெட்டிகளில் இருக்கும் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு, கார்பன் டை ஆக்சைடைப்போல் 23,500 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 50 கிலோ முழுதாகப் போனால் 1,175 டன்னுக்குச் சமம். இதற்கு விலை உயர்ந்த கேமராவுக்கு முன்னால் ஒரு நல்ல தராசு வாங்குங்கள். எந்தப் பெட்டிக்கு எவ்வளவு நிரப்பினோம் என்று சிலிண்டரை எடைபோட்டு எழுதினால் பாதிக் கசிவு அங்கேயே தெரிந்துவிடும். குளிர்பதன வாயுக்களுக்கு ஐரோப்பிய விதி நல்ல மாதிரி: உள்ளே இருக்கும் வாயு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று பார்த்து, 5 டன்னுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை, 50-க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 500-க்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை, தானியங்கிக் கசிவுமானி இருந்தால் இடைவெளி இரட்டிப்பு. எந்த நாட்டில் இருந்தாலும் இதைப் பின்பற்றலாம்.

முடிவெடுக்கும்போது

வழக்கமான கம்ப்ரசர் நிலையமோ, வாயு பதப்படுத்தும் ஆலையோ என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். ஃபிளேர், டாங்க், கம்ப்ரசர் ஆகிய மூன்றுக்கும் நிரந்தரக் கண்காணிப்பு. ஆலை முழுக்கக் கம்பம் நட்டுப் பணத்தைப் பரப்ப வேண்டாம். மிச்ச இணைப்புகளுக்கு அனுபவமுள்ள ஆளோடு கேமராச் சுற்று. சொந்தமாகக் கேமரா வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, கைதேர்ந்த குழுவை ஒப்பந்தத்தில் அழைப்பது சிறு ஆலைக்கு நல்லது. பொதுவில் கிடைக்கும் செயற்கைக்கோள் தகவலை மாதாமாதம் பார்த்து நம் இடம் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்க ஒருவர். பழுதுபார்க்க ஐரோப்பிய மீத்தேன் விதி சொல்லும் வேகம்: 5 நாளுக்குள் முதல் முயற்சி, 30 நாளுக்குள் முழு வேலை. இந்த வேகத்துக்கு ஆளும் உதிரிப் பாகமும் இல்லாத இடத்தில் சென்சார் போட்டு என்ன பயன்?

இதற்குப் பிறகே காப்பீட்டுத் தரகரை அழைப்பேன். அப்போது கையில் ஓராண்டுப் பதிவு இருக்கும். எத்தனை கசிவு, எத்தனை நாளில் அடைத்தோம் என்று காட்டலாம். காப்பீட்டுப் பக்கமும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. சப் (Chubb) என்ற காப்பீட்டு நிறுவனம் 2023-இல், எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களுக்குப் பாலிசி தர, கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் திட்டமும், அவசரமில்லாத நேரத்தில் வாயுவைத் திறந்துவிடுவதை நிறுத்தும் திட்டமும் வேண்டும் என்று அறிவித்தது. தரகரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பசுங்குடில் வாயு மாசு என்ற சொல்லுக்குள் வருகிறதா? கடிகாரம் கசிவு தொடங்கியதிலிருந்து ஓடுகிறதா, நாம் கண்டதிலிருந்தா? சென்சார் அடித்த நேரமா, மனிதர் உறுதிசெய்த நேரமா, எது கண்டுபிடிப்பு? அலாரம் இரவு அடித்து ஆள் காலையில் பார்த்தால் என்ன? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் கிளெய்ம் அங்கேதான் சிக்கும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கருவிக்கே கொடுப்பேன். அது கசிவையும் குறைக்கும், பின்னால் வாங்கும் பாலிசியையும் செல்லுபடியாக்கும். பாலிசி ஒரு கிலோ வாயுவைக்கூட நிறுத்தாது.

இதற்கு விலக்கு இரண்டு. ஆலையின் வேலிக்கு அப்பால் உடனே குடியிருப்புகள் இருந்தாலோ, பழைய கிணறுகளில் நிலத்தடிச் சேமிப்பு நடத்தினாலோ, ஒரே ஒரு சம்பவம் நிறுவனத்தையும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டிய ஈட்டையும் சேர்த்தே அழித்துவிடும். அங்கே தனிச் சுற்றுச்சூழல் பாலிசியை, மெல்ல நேரும் மாசும் சேர்த்து, முதலில் வாங்க வேண்டும். சென்சார்களைக் கடன் வாங்கியாவது அதே ஆண்டில் நட வேண்டும்.